ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒரு தேனீக் கூட்டம்

பிளாட்பாரத்து வேம்பின் தாழ்ந்த கிளையில், இரண்டு தேங்காய் அளவுக்குத் தேனீக்கள் மொய்த்துத் தொங்குகின்றன. பழைய கூட்டை விட்டுப் புது இடம் தேடிக் கிளம்பிய கூட்டம் இது. ஒரு கூடையில் உதறினால் ராணியோடு அத்தனையும் வந்துவிடும். என் வீட்டில் எட்டுத் தேனீப் பெட்டிகள். அவற்றில் மூன்று இந்தப் பங்குனியில் காலி.

டீக்கடைக்காரர் கம்பில் சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைக்கிறார்.

"இதிலே தேன் கிடையாதுய்யா. இன்னும் அடையே கட்டலே. சும்மா விட்டா யாரையும் கொட்டாது. கூடை கொண்டு வரேன், பொறுங்க" என்கிறேன். மூன்று முறை சொல்கிறேன்.

"தேன் இல்லாததுக்கா கூடை தேடுறீங்க, பெரியவரே? நல்ல கதையா இருக்கே!"

பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் சிரிக்கிறார்கள்.

பழக்காரியிடம் கெஞ்சிக் கூடை வாங்கித் திரும்புவதற்குள் கிளை எரிகிறது. கீழே கருகிய தேனீக்கள் குவியலாகக் கிடக்கின்றன. நூறு வரை எண்ணுகிறேன். அதற்கு மேல் முடியவில்லை.

டீக்கடைக்காரர் குனிந்து அந்தக் குவியலைக் கம்பால் கிளறுகிறார். விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறார். பிறகு நிமிர்ந்து என்னைக் கோபித்துக்கொள்கிறார்.

"ஒரு சொட்டுக்கூட இல்லீங்களே. முதல்லயே சொல்லக்கூடாதா?"