மாடியில் ஒரு இரும்புக் குண்டு

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் யார் வீட்டுச் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றாலும் பூங்கொடியைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்துமூன்று வயது. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல்மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. ஆட்டோ ஓட்டும் மோகனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து காலையில் இட்லிக்கடை. அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தால், சிற்பக்கூடத்து ஆட்கள் உளியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பெருமை அவளுக்கு நகை மாதிரி.

போன வருஷம் கொழுந்தன் சீனு மாடிக்குக் குடிவந்தான். அவன் மனைவி வசுமதி கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவள், ஒல்லி. வந்த மாதமே ஒரு கெட்டில்பெல் வாங்கினாள். பன்னிரண்டு கிலோ இரும்புக் குண்டு, மேலே ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மெஷின் கிடையாது, ஜிம் கிடையாது. மொட்டை மாடியில் பாய் விரிக்கிற அளவு இடத்தில் நின்று, காலுக்கிடையில் ஆட்டி மார்பு உயரத்துக்கு வீசுவாள். பத்தே நிமிஷம். குளித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவாள்.

"இதுக்குப் போயி குண்டு வாங்குனாளாம். என் மாவு அண்டாவத் தூக்கச் சொல்லு," என்று மோகனிடம் சிரித்தாள் பூங்கொடி.

சிரிப்பு ஆறு மாதம்தான் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு விஜயகுமாரியின் சிலிண்டரைத் தோளில் வைத்து வசுமதி இரண்டு மாடி ஏறினாள். எங்கும் நிற்கவில்லை.

"இன்னா தெம்புமா! பூங்கொடிகூட நடுவுல ஒரு தபா இறக்கி வெச்சித்தான் ஏத்தும்," என்று விஜயகுமாரி தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

பூங்கொடி ஊற்றிக்கொண்டிருந்த மாவு இட்லிக் குழியைத் தாண்டி வழிந்தது. அதன்பிறகு தெருவில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒருநாள் எல்லோரும் வேலைக்குப் போனபின், துணி எடுக்கிற சாக்கில் மாடி ஏறினாள். குண்டை ஒரு கையால் தூக்கினாள். இவ்வளவுதானா! வசுமதி மாதிரியே வீசினாள். எட்டாவது வீச்சில் மூச்சு முட்டியது. பன்னிரண்டில் தொடை நடுங்கி, தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். தூக்குவது ஒன்று, விடாமல் வீசுவது வேறு. வயிறு எரிந்தது. அடுத்த நாளும் ஏறினாள். அதற்கடுத்த நாளும்.

மூன்றாவது வாரம் வசுமதி படியில் மறித்தாள். "அக்கா, கைப்பிடியில இட்லி மாவு காஞ்சு கிடக்குது."

பூங்கொடிக்கு முகம் சுட்டது. "ஆமா, நான்தான். இன்னான்ற இப்போ?"

"கையால தூக்குனா முதுகு போயிடும். இடுப்பால தள்ளணும். வாங்க, காட்டுறேன்."

"நீ ஒண்ணும் எனக்குக் காட்டவாணாம்."

ஆனால் மறுநாள் காலை படித் திருப்பத்தில் ஒளிந்து நின்று பார்த்தாள். வசுமதி தனக்குத்தானே, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்: "குதிகால் அழுந்தணும். இடுப்பு பின்னால போகணும். கை சும்மா கயிறு மாதிரி." பார்த்துவிட்டாளோ? பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

ஆத்திரத்தோடே கற்றுக்கொண்டாள். பொங்கல் கழிந்ததும் நிறுத்தாமல் ஐம்பது வந்தது. வருஷக்கணக்காய் இருந்த இடுப்புப் பிடிப்பும் போயிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேர் வசுமதிக்குப் போய்விடும்.

மாசியில் செங்கல்பட்டு போய்ப் பதினாறு கிலோ குண்டு வாங்கி வந்தாள். மறுநாள் காலை அதை வசுமதிக்குப் பக்கத்திலேயே வைத்து, சேலையைச் சொருகிக்கொண்டு வீச ஆரம்பித்தாள். பல் தேய்த்துக்கொண்டே வந்த சீனு நின்றுவிட்டான்.

"அண்ணி, செமையா கீதே!" மனைவி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

வசுமதி தன் குண்டைக் கீழே வைத்தாள். பூங்கொடியின் குண்டில் பொறித்திருந்த பதினாறைப் பார்த்தாள். "எந்தக் கடையிலக்கா வாங்கினீங்க?"

பூங்கொடிக்கு நன்றாகவே கேட்டது. எண்ணிக்கை முப்பத்திரண்டில் இருந்தது.

"முப்பத்துமூணு," என்றாள்.