காதில் முளைத்த கொம்பு

கம்பெனி பஸ்ஸின் கண்ணாடியில் தலை சாய்த்தால் 'டிக்' என்று சத்தம் வரும். பஸ் குலுங்கும்போதெல்லாம் டிக், டிக். என் இடது காதின் மேல்விளிம்பில் முளைத்திருந்த கொம்புதான் தட்டியது. அரிசி அளவில் தொடங்கி நான்கு மாதத்தில் நகம்போல் வளைந்து வளர்ந்திருந்தது. அதைக் கிள்ளினாலும் எனக்கு உறைக்காது. என் உடம்பில் வேறு யாரோ இருப்பதுபோல் இருக்கும்.

மறைமலைநகரில் உதிரிபாகங்களுக்குப் பிசிறு எடுப்பது என் வேலை. இரும்பில் துருத்தி நிற்பதை அரத்தால் தேய்த்துவிட்டால் மறுபடி வராது. அந்தப் பழக்கத்தில் கொம்பையும் குளியலறையில் தேய்த்தேன். முடி கருகும் நாற்றத்தோடு வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது, அடி இன்னும் தடித்து.

பக்கத்து மிஷின்காரர் பார்த்துவிட்டார். "இன்னா அண்ணாத்த, கொம்பு சீவிக்கினு யாராண்ட சண்டைக்குப் போற?"

அன்றிலிருந்து கொளுத்தும் வெயிலிலும் காதோடு துண்டு கட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் விடிந்தபோது தலையணையில் ரத்தம். நடுவே கொம்பு ஒடிந்து கிடந்தது. மனைவி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். கிளம்புமுன் வெட்கத்தில் மிச்சத்தையும் தேய்த்து மட்டமாக்கிவிட்டேன். டாக்டர் கண்ணுக்குச் சிவந்த புண் மட்டும்தான் தெரிந்தது. களிம்பு எழுதப் போனார். நான் தலை குனிந்துகொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்லேன்யா!" என்ற மனைவி பொட்டு டப்பாவைத் திறந்து, ஒடிந்த கொம்பை மேசையில் வைத்தாள். "மொளச்சிகினே கீது டாக்டர். இந்தாளு அரத்தால தேச்சித் தேச்சி மறைக்கிறாரு."

டாக்டர் பேனாவை மூடினார். "கொம்புல ஒண்ணும் தெரியாதும்மா. மருவுல இருந்தும் முளைக்கும், வெயில்ல கெட்ட தோல்ல இருந்தும் முளைக்கும், புற்றுநோய்ல இருந்தும் முளைக்கும். அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்." என் பக்கம் திரும்பினார். "வெயில்ல வேலை செஞ்சிருக்கீங்களா?"

கோவளம் பக்கத்து உப்பளத்தில் இருபது வருஷம் என்றேன்.

வேரோடு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே வெட்டியதால் ஓரங்களில் மிச்சமில்லை என்றார் டாக்டர். இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்.

காதில் இப்போது ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. கண்ணாடியில் சாய்ந்தால் சத்தமில்லை. நேற்று கேளம்பாக்கம் தாண்டும்போது மட்டும் 'டிக்' என்று கேட்டது. நான் அப்போது சாய்ந்திருக்கவில்லை. தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் துண்டை அவிழ்த்து, மனைவியிடம் நானே காதைக் காட்டினேன்.