நான் வாசித்த அரசாணை

எங்கள் அலுவலகத்துக்கு மதியம் மூன்றரை மணிக்குத் தேநீர் வரும். வந்ததும் யாராவது ஒருவர், "அண்ணே, இன்னைக்கு ஆர்டர் ஒண்ணும் வரலையா?" என்று எடுத்துக் கொடுப்பார். நான் கையில் அகப்பட்ட தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பேன். அது தண்ணீர் கேன் ரசீதாக இருக்கும், இல்லையென்றால் யாருடையதாவது கல்யாணப் பத்திரிகையாக இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தொண்டையைச் செருமி, அரசாணை வாசிப்பேன்.

"அகவிலைப்படி உயர்வு தள்ளிவைக்கப்பட்டுள்ள காலத்தில், அரசு ஊழியர்கள் சந்தையில் தக்காளி விலையை விசாரிப்பது நடத்தை விதிகளுக்கு முரணானது என அரசு கருதுகிறது. விசாரித்தே தீரவேண்டிய நேர்வுகளில் துறைத் தலைவரின் முன் அனுமதி பெறப்பட வேண்டும்."

பிரிவே சிரிக்கும். கண்காணிப்பாளர் மேசையைத் தட்டுவார். அந்த வருடத்தை நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

அரசு அந்த வருடம் இரண்டு வாக்குறுதிகளைத் தள்ளிப் போட்டிருந்தது. ஒன்று, எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு வரவேண்டிய அகவிலைப்படி உயர்வு. இன்னொன்று, பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர்களுக்குத் தருவதாகச் சட்டமன்றத்திலேயே சொன்ன காலமுறைச் சம்பளம், அதாவது நிரந்தர ஊழியர்களுக்குப் போல முழுச் சம்பளம். இரண்டுக்கும் காரணம் ஒரே வரிதான். "நிதி நிலையைக் கருத்தில் கொண்டு."

பரவை மார்க்கெட்டுக்கு வெங்காயம் கொண்டுவரும் என் மச்சானிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, ஒரு வருசம் தள்ளிப் போட்டா ஒனக்குச் சோறு எறங்காதா? போன மாசம் வெங்காயத்த ரோட்டுல கொட்டுனேனே, எனக்கு எந்த அரசாங்கம் அரியர் குடுத்துச்சு? கஷ்ட காலத்துல கொஞ்சம் பொறுத்தாத்தான் என்ன?"

என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் எனக்குத் தள்ளிப் போனது ஒரு வாஷிங் மெஷின். பழசு தடதடவென்று அறை முழுக்க நடந்து திரியும், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை மச்சான் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை நான் அப்படியே எல்லோருக்கும் பொதுவாக்கிக்கொண்டேன். அலுவலகத்திலும் போய், "நாடே கஷ்டத்துல இருக்கு, பொறுப்போம்பா" என்று பெரிய மனுசனாகப் பேசினேன்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா இரண்டாவது வாக்குறுதிக்குக் காத்திருந்தவர். பகுதி நேரம் என்பது பதிவேட்டில் மட்டும். காலை எட்டு மணிக்கு வந்தால் மாலை ஐந்து வரை இருப்பார். நான் பத்தேகாலுக்கு வந்து, தேநீர் குடித்து, ஆணை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். நியாயமாகப் பார்த்தால் பகுதி நேரம் நான்தான்.

அக்காவுக்குச் சோழவந்தான் பக்கம். வீட்டுக்காரர் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். ஏணியில் நின்று வெற்றிலை கிள்ளும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த படுக்கையாகிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து திருப்பிவிடுவார். நான்கு மணிக்கு மேல் அந்த அம்மாவுக்குத் தன் மாடு கன்று இருக்கிறது. அக்கா ஐந்து மணிக்கு இங்கே முடித்து, கே.கே. நகரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சப்பாத்தி தேய்த்துக் கொடுத்துவிட்டு, ஊர் போய்ச் சேர ஒன்பதாகிவிடும். நான்கிலிருந்து ஒன்பது வரை அந்த மனிதர் ஒரே பக்கமாகக் கிடப்பார்.

"முழுச் சம்பளம் மட்டும் வந்துருச்சுன்னா கே.கே. நகர் வேலைய விட்டுருவேன் சார்" என்பார் அக்கா. "அஞ்சே கால் பஸ்ஸப் புடிச்சா ஆறரைக்கு வீட்டுல இருப்பேன். அவரைத் திருப்பிப் போட்டுட்டு, கொஞ்ச நேரம் கதவத் தெறந்து வச்சு வெளிய காட்டலாம்."

அக்காவுக்கு அந்தச் சம்பளம் என்றால் அந்த பஸ்.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் கண்காணிப்பாளர், "நமக்கே வாசிச்சுக்கிட்டிருந்தா எப்புடி? அந்தக்காவுக்கு ஒண்ணு வாசிய்யா" என்றார். என்ன பெரிய வேலை? துப்புரவுப் பணியாளர்களின் மனுக்களை எல்லாம் தட்டச்சு செய்தவனே நான்தான். வாசகம் மனப்பாடம். தண்ணீர் கேன் ரசீதை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர்களின் கோரிக்கையை அரசு கவனமுடன் பரிசீலித்து, அவர்களுக்கு இம்மாதம் முதல் தேதி முதல் காலமுறை ஊதியம் வழங்கலாம் என முடிவு செய்து, அவ்வாறே ஆணையிடுகிறது..."

என் ஆணைகளுக்கெல்லாம் ஒரு வால் உண்டு. அந்த வாலில்தான் சிரிப்பு. இதற்கும் வைத்திருந்தேன்: "இவ்வாணை, பணியாளர் ஓய்வு பெற்ற மறுநாள் முதல் நடைமுறைக்கு வரும்." அதைச் சொல்ல நிமிர்ந்தபோது அக்கா வாசலில் நின்றார். கழுவிய டம்ளர்களை அடுக்கிய தட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாலை வாசிக்க வாய் வரவில்லை. இரக்கம்தான். வாழ்க்கையில் எனக்கு இரக்கம் வரும் நேரங்களை யாராவது முன்கூட்டித் தடுத்திருக்கலாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டை வைத்துவிட்டுப் போனார். வேடிக்கை என்று அவருக்குத் தெரியாதா என்ன, தினமும் பார்க்கிறவர்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அக்கா ஒரு டப்பாவோடு என் மேசைக்கு வந்தார். லட்டு. பிரிவில் எல்லோருக்கும் ஒவ்வொன்று, அதிகாரிக்குத் தனியாகக் காகிதத்தில் சுற்றி ஒன்று.

"மொத லட்டு ஒங்களுக்குத்தான் சார். ஒங்க வாயாலதான கேட்டேன். நேத்து சாயந்தரமே கே.கே. நகர் வீட்டுல சொல்லிட்டேன், நாளையிலருந்து வர மாட்டேன்னு."

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். நான் செய்தது, லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. "சந்தோசம்க்கா" என்றேன், லட்டோடு. பிறகு நேராகப் போய்க் கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன்.

ஒரு காலில் நின்றேன், பிறகு மறு காலில் நின்றேன். நின்றபடியே எனக்கு நானே பணியிடை நீக்க ஆணை வாசித்துக்கொண்டேன்: "மேற்படி இளநிலை உதவியாளர், தேநீர் இடைவேளையின்போது தன்னையே அரசாகப் பாவித்து ஆணை பிறப்பித்தமைக்கும், அதன் பொருட்டு லட்டு ஒன்றைக் கையூட்டாகப் பெற்றமைக்கும்..." போலீஸ், விசாரணை, செய்தித்தாளில் என் புகைப்படம் என்று எல்லாம் வரிசையாக வந்தன. புகைப்படத்தில் தொப்பை தெரியுமே என்று அதற்கும் ஒரு கவலை. மனைவிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, நீ தைக்கிற காசுல நம்ம நாலு பேரும் சாப்பிட முடியுமா?"

"காலங்காத்தால கிறுக்குப் புடிச்சிருச்சா? என்ன செஞ்சு வச்சீக?"

சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"ஒங்க வேல இருக்கட்டும். அந்தக்காகிட்ட சொல்லிட்டீகளா?"

அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அந்தக் கால் மணி நேரத்தில் நான் சிறைக்குப் போய், வெளியே வந்து, பழைய சோறு சாப்பிட்டு, பேரன் பேத்திகளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அக்கா அந்தக் கதையில் எங்குமே இல்லை.

பிரிவில் மற்றவர்களும் லட்டைத் தின்றுவிட்டு, வாசித்தவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். மதியம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மதியம் சாயந்தரம் ஆயிற்று. ஐந்து மணிக்கு அக்கா வாசல் குழாயில் முகம் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றார். "வாரேன் சார். வெளிச்சத்துல ஊருக்குப் போயி எம்புட்டு நாளாச்சு" என்றார். போகட்டும், ஒரு நாளாவது போகட்டும் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். மூன்றாம் நாளும். அதை இரக்கம் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். பயம்தான் அது.

நான்காம் நாள் அக்கா வந்து கேட்டார்: "இந்த மாசச் சம்பளத்துலயே சேந்து வந்துருமா சார்?"

சொன்னேன். ரசீதைக் காட்டினேன். முட்டாள்தனமாக, அந்தத் தண்ணீர் கேன் ரசீதையே எடுத்துக் காட்டினேன். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் வெளாடுவீகன்னு தெரியும் சார்" என்றார். "இதுலயுமா வெளாடுவாகன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரசீதை என் மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஸ்டேப்ளரையும் வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம் கே.கே. நகருக்கு வண்டியை விட்டேன். பதற்றத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழைப்பு மணியை அடித்திருக்கிறேன். கதவைத் திறந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார். அவருடைய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. வெளியே வந்து நிதானமாகக் கேட்டார்.

"தப்பு என்னுதுதான் சார். அந்தக்காவைத் திரும்பச் சேத்துக்கங்க" என்றேன்.

"மறுநாளே வேற ஆள் வந்துட்டாங்களே தம்பி. அதுவும் இவங்களைவிடக் கொறச்சலுக்கு." கொஞ்சம் சங்கடத்தோடு சேர்த்துக்கொண்டார். "எங்களுக்கும் பென்சன்ல வரவேண்டியதத் தள்ளிப் போட்டுட்டாங்க, பாத்தீங்கள்ல. நாங்களும் பாத்துத்தான செலவழிக்கணும்."

உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. மேலே ஒருவர் தள்ளிப் போட்டால் அது படிப்படியாக இறங்கி எங்கே போய் உட்காருகிறது என்று எனக்கு அங்கே வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது. என் வீட்டு வாசலுக்கும் அது வந்தது. வாஷிங் மெஷினைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது.

அக்காவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. முன்பைவிடத் தூரம், முன்பைவிட அதிக நேரம். அந்தச் சில மாதங்களில் வீட்டுக்காரர் முதுகில் புண் வந்தது, காய்ந்தது, மறுபடி வந்தது, அப்புறம் காயவே இல்லை. நான் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். மெத்தை வாங்கிக் கொடுத்தேன். பணமாகக் கொடுக்கப் போனபோது, "வேணாம் சார், ஒங்களுக்கும்தான் நிறுத்தி வச்சிருக்காக" என்றார். அலுவலகத்தில் நான் ஆணை வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். யாரும் கேட்கவும் இல்லை.

ஆடி முடிவதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம், அங்கே எல்லோர் முன்னாலும் அக்கா அந்த ஆணை விஷயத்தைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே வண்டி ஓட்டினேன். சாவு வீட்டுக்குப் போகும்போதும் என் பயம் எனக்காகத்தான். அக்கா அழுத முகத்தோடு சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டினார். "எங்க ஆபீஸ் சார். ரொம்பத் தமாசாப் பேசுவாக."

உள்ளே கட்டில் கதவைப் பார்க்கும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் வீடு திரும்பிய அந்த மூன்று நாள் சாயந்தரங்களில் அக்கா திருப்பிப் போட்டதாம். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

உண்மையான ஆணை அடுத்த தை மாதத்தில் வந்தது. கண்காணிப்பாளர் பிரதி எடுத்து என் கையில் கொடுத்து, "இதையாவது நீயே வாசிய்யா" என்றார். அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"அவுக வேணாம் சார்" என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். "நீங்க வாசிங்க."

கண்காணிப்பாளர் வாசித்தார். அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து கருத்தியலாகவும், ஆணை நாளிலிருந்து பணப்பயனோடும் வழங்கப்படும் என்று இருந்தது.

"கருத்தியலான்னா என்ன சார்?"

நான்தான் சொன்னேன். "சொன்ன நாள்லருந்தே குடுத்ததா வச்சுக்கிருவாகக்கா. கையில வர்றது இந்த மாசத்துலருந்துதான்."

அக்கா ஆணைப் பிரதியை எட்டிப் பார்த்தார்.

"குடுத்ததா வச்சுக்கிருவாகளா? அப்ப அம்புட்டு நாளும் நான் அஞ்சே கால் பஸ்ஸுக்குப் போனதா வச்சுக்கிருவமா சார்?"

என்னிடம்தான் கேட்டார்.

சம்பளம் கூடியதும் மண்டப வேலையை அக்கா விட்டுவிட்டார். இருந்தும் ஒரு நாள் ஐந்தரைக்கு மேல் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"என்னக்கா, பஸ் போயிருக்குமே?"

"போயி?" என்றார்.

என் மேசைக்கடியில் துடைப்பதற்காகக் குனிந்தார். நான் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.