மீட்டருக்குத் தெரியாத தண்ணீர்

முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, கடைசியாகக் காது. குழாயை இந்த மூன்றாலும் விசாரித்த பிறகுதான் குடிநீர் வாரியத்து இன்ஸ்பெக்டர் அம்மாள் மீட்டர் பக்கம் திரும்புவார். மீட்டர் சொல்வது வெறும் வாக்குமூலம், குழாய்தான் சாட்சி என்பது அவர் கட்சி.

"இவ காதை வச்சா இரும்பே உளறிடும், நான் எம்மாத்திரம்?" என்பார் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருட மணவாழ்வில் அந்த மனிதர் ஒரு பொய்யைக்கூட முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

அன்றைக்கு விசாரணை டேட்டா சென்டரில். ஊர் உலகத்தின் செல்ஃபிகளும் பூனை வீடியோக்களும் அங்கேதான் சுகவாசம். அவற்றைச் சுமக்கும் இயந்திரங்கள் முன்கோபக்காரர்கள். சூடு தணிய ஓயாமல் தண்ணீர் வேண்டும். பின்னாலுள்ள நாலு தெருக்காரர்கள் சாதுக்கள் என்பதால் அவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இப்போது கம்பெனி இரட்டிப்பாகக் கேட்டிருந்தது. 'இதுவரை வரம்பு மீறவில்லை' என்று அம்மாள் எழுதிவிட்டால் கிடைத்துவிடும். தெருக்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை குளிக்கலாம்.

"ஸ்க்ரீனைப் பாருங்க மேடம், எல்லாமே பச்சை" என்றார் மேனேஜர்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. பம்ப் ரூம் எங்க?"

பம்ப் அறையில் புழுக்கம். சுவரோரம் ஒரு சிவப்புக் குழாய். தீயணைக்க மட்டும் என்பதால் அதற்கு மீட்டர் கிடையாது. உள்ளே தண்ணீர் சும்மா நின்றால் அறைச் சூட்டுக்கு வந்துவிடும், குழாயின் வெளிப்புறம் உலர்ந்திருக்கும். இதன் மேலெல்லாம் முத்து முத்தாக ஈரம். சில்லென்ற தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தீயே பிடிக்கல. இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது? பயமா?"

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார். அம்மாள் குழாயோடு நடந்து, அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கிளைக்குழாய் குளிரூட்டும் தொட்டிக்குள் இறங்கியது.

"எமர்ஜென்சிக்குப் போட்டது மேடம்."

"வால்வே துருப்பிடிச்சுக் கிடக்கு. எத்தனை வருஷமா எமர்ஜென்சி?"

கேட்டுக்கொண்டே கிளையின் வால்வை இறுக மூடினார்.

"ஐயோ, மெஷின் சூடாயிடும்!"

"பாதியை நிறுத்துங்க. மீட்டர்ல வர்ற தண்ணி எத்தனைக்குத் தாங்குமோ அத்தனையை ஓட்டுங்க. லைசென்ஸ்ல அதானே போட்டிருக்கு?"

மேனேஜர் யாரையோ அழைத்துப் பதறினார். ஐந்தாவது நிமிடம் கைபேசியை நீட்டினார். "உங்க வாரியத்து சேர்மன், மேடம். லைன்ல இருக்காரு."

யாரும் திறக்காதபடி அம்மாள் வால்வில் மெல்லிய கம்பியைக் கோத்து, ஈய முத்திரையைக் குறட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க" என்றவர், நீட்டிக்கொண்டிருந்த மிச்சக் கம்பியைப் பல்லால் கடித்துத் துப்பினார்.