பொறியக்காவின் மெஷின்கள்

தெருவில் அவரைப் பொறியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய கணவர்தான். "பொறியியல் படிச்சவங்க தெருவுக்குப் பத்துப் பேர் இருக்காங்க. வெறும் பொறியை மட்டும் படிச்சவ இவ ஒருத்திதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லப்போய், பெயர் நிலைத்துவிட்டது.

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவும் இருட்டறையில் வேலை பார்த்தவர். மூலையில் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அக்கா அதைப் போடுவதே இல்லை. படத்தை உறையிலிருந்து உருவுவது, சட்டத்தில் மாட்டுவது, தொட்டியில் முக்குவது எல்லாம் கைத்தடவலில்தான் நடக்கும். ஒரு படத்தில்கூட அவருடைய விரல் ரேகை பதிந்தது கிடையாது. படமெல்லாம் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்ததும் இருட்டறையைப் பூட்டி, அக்காவைச் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலி அவருக்குக் கடைசிவரை ஒட்டவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் வீட்டின் பின்பக்க இரும்புக் கதவில் கீல் விட்டுப்போனது. "நாளைக்கு வந்துடறேன்" என்று வெல்டர் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஒருவழியாக அவர் வந்து வேலையைத் தொடங்கியபோது, பையில் சும்மா கிடந்த முகத்தடுப்பை எடுத்து அக்கா முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு சின்னதாக ஒரு வெளிச்சம். அதற்கடியில் இரும்பு தண்ணீராகி, நகர்ந்து, கட்டியாகிக்கொண்டே போனது. கதவு தயாராகி வெல்டர் காசு வாங்கிக்கொண்டு போன பிறகும் அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

முதல் வெல்டிங் மெஷின், மூடப்போகிற ஒரு கிரில் பட்டறையிலிருந்து வந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் செட். தூக்க இரண்டு பேர் வேண்டும், உருட்டச் சக்கரம் இல்லை. சுவிட்சைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். "நான்கூட உன் பேச்சை இப்படிக் கேக்கல, பக்கத்து வீட்டு ஃபேன் கேக்குது பார்" என்பார் கணவர்.

சொல்லிக்கொடுக்க யாருமில்லை. போனில் வீடியோ பார்ப்பார். காயலான் கடையிலிருந்து துண்டு இரும்பு வாங்கி வந்து பாழாக்குவார். உருகி இரும்பைச் சேர்க்க வேண்டிய ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். முறுக்கிப் பிய்ப்பார், மறுபடி வைப்பார். ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் விட வேண்டிய தூரத்தைக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. எண்ணெயில் ஏதோ ஒரே சீராகப் பொரிவதுபோல் சத்தம் வந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம். செருப்பு வைக்கும் தட்டு, தொட்டிச் செடிகளுக்குத் தாங்கி, நாத்தனார் வீட்டுக் கட்டிலில் முறிந்த காலுக்குப் பதில் புதுக் கால் என்று ஒவ்வொன்றாகச் செய்தார். கசடைத் தட்டிவிட்டு, கீழே வரி வரியாக ஒழுங்காய்ப் படிந்திருப்பதைப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மகள் போனில் "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "உங்கம்மா வாழ்றாப்பா, தொந்தரவு பண்ணாதே" என்று கணவர் வைத்துவிடுவார்.

பழைய செட் கனம் தாங்கவில்லை என்று, கையில் தூக்கிப்போகும் இன்வெர்ட்டர் மெஷின் வாங்கப் போனார்கள். கடைக்காரர் கணவரைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சாருக்கு என்ன வேலைக்கு வேணும்?"

"நான் மெஷின் தூக்க வந்த ஆள். வெல்டர் அவங்க."

அக்கா கேள்விமேல் கேள்வி கேட்டார். கரண்ட் குறைஞ்சா இழுக்குமா? முழு ஆம்பியர்ல வச்சா எவ்வளவு நேரம் நிக்காம ஓடும்? உள்ளே போர்டு போச்சுன்னா இங்கேயே மாத்துவீங்களா? கடைக்காரர் நாலு மெஷினைக் கடையின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து, "நீங்களே போட்டுப் பாருங்கக்கா" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தக் கடை இன்னொரு வீடு மாதிரி.

புது மெஷினில் கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ராடு மறுபடி ஒட்டத் தொடங்கியது. ஈரம் ஏறியிருக்கும் என்று ராடுகளை வெயிலில் காயப்போட்டார். கரண்ட் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வயரில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். கண்ணாடிதான் காரணம் என்று, தானாகவே கறுக்கும் புது ஹெல்மெட் வாங்கினார். வரி நேராக வரவில்லை. குடித்துவிட்டு நடந்தவன் தடம்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது.

"பார்த்தீங்களா, போர்டு போயிருக்கு. முதல்லேர்ந்தே இதுல எனக்குச் சந்தேகம்தான்."

"இருக்கும்" என்றார் கணவர்.

அந்த நாட்களில் டீ போடுவது கணவர் பொறுப்பு. அக்காவின் டம்ளரில் பாதிக்குமேல் ஊற்றுவதை அவர் நிறுத்தியிருந்தார்.

"ஏன் டீயை அளந்து அளந்து ஊத்துறீங்க?"

"சர்க்கரை ஏறும்னு டாக்டர் சொன்னாரே."

"அது உங்களுக்குச் சொன்னது."

கணவர் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்து மிக் மெஷின் வந்தது, கூடவே கேஸ் சிலிண்டரும். இதில் ராடே கிடையாது. டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வரும், ஒட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்து அக்கா வேலை செய்தார். முதலில் வந்த வரிகளைப் பார்த்து, "நான் சொல்லல? எல்லாம் மெஷின்ல இருக்கு" என்று பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு நிலைக்கவில்லை. நாத்தனார் வீட்டு ஜன்னல் கம்பியில் இரும்பு ஒரு இடத்தில் குவிந்தது, ஒரு இடத்தில் பிடிக்கவே இல்லை. கிரைண்டரால் அதைத் தேய்த்துத் தேய்த்தே பொழுது போனது. பொறி அப்போதும் பறந்தது, ஆனால் அது இரும்பைச் சேர்க்கிற பொறி இல்லை.

கடைசியாக டிக் மெஷின் வேண்டுமென்று கடையில் போய் நின்றார். எல்லாவற்றிலும் அதுதான் சுத்தமான வேலை. ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, மயிரிழை தூரத்தில் நிறுத்த வேண்டும்.

கடைக்காரர் மெஷினை எடுக்கவில்லை. "டிக் வேணாங்க்கா."

"ஏன், பொம்பளைக்கு வராதா?"

"அந்தப் பேச்சு என் வாயில என்னிக்காவது வந்திருக்கா?" அவர் குரலைத் தணித்தார். "போன தடவை கடைக்குப் பின்னாடி நீங்க டார்ச்சைப் பிடிச்சப்பவே பார்த்தேன். மெஷின் மேல தப்பில்லக்கா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல கையை ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அக்கா கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"தெரிஞ்சும் ஒவ்வொரு மெஷினா வாங்க விட்டீங்களா?"

"மெஷினைத் திட்டுற வரைக்கும் நீ நல்லா இருந்த. அந்தத் திட்டை உன் மேலயே திருப்பிட்டா என்ன ஆவன்னு பயமா இருந்துச்சு" என்றார் அவர்.

அக்கா அதற்கப்புறம் பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டரின் அறையில், மடியில் கிடந்தவரை கை அசையவில்லை. நீட்டச் சொன்னதும் நடுங்கியது. தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார் டாக்டர். பேனா போன போக்கை அக்காவே பார்த்தார். வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை, நடுக்கம் போகப்போக அதிகமாகும், மாத்திரை கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்றார் டாக்டர். மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம்தான் குறைத்தது, தலைசுற்றலைத் தாராளமாகக் கொடுத்தது.

அக்காவே ஒருநாள் சொன்னார். "மிக்கை வித்துடலாம். வேலை செய்றவங்ககிட்டயாவது இருக்கட்டும்."

கடைக்காரர் ஆள் பார்த்தார். மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்து விற்கிறவர் ஒருவர் வந்தார். கடையின் பின்பக்கம் மெஷினை வைத்தார்கள். ஓடுகிறதா என்று காட்ட வேண்டும். கடைக்காரர் டார்ச்சை எடுக்கப்போனார். "என் மெஷின், நான்தான் காட்டணும்" என்று அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அக்கா வரி போட்ட தகடு குளிர்ந்ததும் வந்தவர் குனிந்து பார்த்தார். மரியாதையான மனிதர். தயங்கித் தயங்கிக் கேட்டார். "மெஷின்லேர்ந்து கம்பி சீரா வரலையோ?"

கடைக்காரரும் கணவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அக்கா கையமர்த்தினார்.

"மெஷின் நல்ல மெஷின். என் கைதான் போச்சு. நீங்க போட்டுப் பாருங்க."

அவர் போட்டார். அக்கா போட்டதற்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் நீளத்துக்கு, ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு வரி. அக்கா குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டு, அக்காவும் கணவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். வழியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடியில் யாரோ கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். நீல வெளிச்சம் சுவரில் வெட்டி வெட்டி அடித்தது. தெருவில் போகிற எல்லோரையும்போல அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.