காலால் அழித்த தடம்

ஊர் டென்னிஸ் க்ளப்பில் இருக்கிற கோர்ட்டுகளே மூன்று. அதில் ஒன்றுக்கு ஒட்டிலியாவின் பெயரை வைப்பது என்று தலைவர் நெக்குலாய் முடிவு செய்துவிட்டார். அவர் முடிவு செய்தால் டான்யூப் நதியே எழுந்து வந்து வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்.

அன்று ஆட்டப் பருவம் முடிந்து கோர்ட்டுகளை மூடும் ஞாயிறு. வேலியோரக் கரியடுப்பில் இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. ப்ரெய்லா ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் "சாம்பியன், சாம்பியன்" என்று ஒட்டிலியாவின் தோளைத் தட்டினார்கள். அவளுக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாம்பியனாம்! பன்னிரண்டு வருடம் ஆடினாள், அது உண்மை. பாரிஸில் நடக்கும் பெரிய போட்டிக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் தகுதிச் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். மற்றபடி பெயர் தெரியாத ஊர்களில் சின்னச் சின்னப் போட்டிகள், ரயில் நிலைய பெஞ்சில் தூக்கம், விடுதி அறையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலில் மக்ரோனி. முப்பத்தொரு வயதில் தோள்பட்டை கிழிந்து, ஊருக்கு வந்து குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இதிலெல்லாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவள் வெட்கப்பட்டது இது எல்லாவற்றுக்கும் ஆரம்பமாக இருந்த ஒரு பந்துக்காக.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பக்காவ் நகரில் ஒரு போட்டி. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றவள் லுமினிட்சா. இதே ஊர்க்காரி, ஒரே அறையில் தங்கி ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவள். அந்த மாதிரிப் போட்டிகளில் நடுவர் கிடையாது. அவரவர் பக்கத்தில் விழும் பந்தை அவரவரே பார்த்து உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். செங்கல்பொடித் தரையில் பந்து விழுந்தால் தடம் பதியும். சந்தேகம் வந்தால் தடத்தைக் காட்டுவார்கள், இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் காலால் அழிப்பார்கள்.

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் லுமினிட்சா ஜெயித்துவிடுவாள். அவள் அடித்த பந்து ஒட்டிலியாவின் மூலையில், வெள்ளைக் கோட்டைப் பாதி கவ்வி விழுந்தது. ஒட்டிலியா "அவுட்" என்றாள். வாய் சொல்லி முடிப்பதற்குள் கால் தடத்தை அழித்துவிட்டது. திருட்டு என்று பார்த்தால் ஒரு ஷூ அகலம்தான். கை குலுக்க வந்துகொண்டிருந்த லுமினிட்சா நின்றாள். "நீ சொன்னா சரி" என்று திரும்பி நடந்தாள். அந்த ஆட்டத்தை ஒட்டிலியா ஜெயித்தாள். மறுநாள் அவள் ஆடியதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர் அவளைப் புக்கரெஸ்டுக்குக் கூட்டிப் போனார். லுமினிட்சா அடுத்த வருடமே ஆட்டத்தை விட்டுவிட்டாள். அவள் கல்யாணத்துக்குக்கூட ஒட்டிலியா போகவில்லை. போட்டி இருக்கிறது என்று புளுகிவிட்டாள்.

அந்த லுமினிட்சாதான் இப்போது பத்து வயது மகள் ஸ்மரந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வந்தாள்.

"என்னடீ, பெரிய மனுஷி ஆயிட்டா எங்களையெல்லாம் கண்ணு தெரியாதா? இந்தா, என் பொண்ணு. இனிமே உன் பொறுப்பு."

"நானா? வேற யாராவது நல்ல கோச்சா..."

"சும்மா இரு. உன்கிட்டதான் விடுவேன். நான் ஏன் ஆட்டத்தை விட்டேன்னு தெரியுமா உனக்கு? எல்லாம் உன்னாலதான்!"

இறைச்சியைக் கடிக்கப் போன ஒட்டிலியா அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். லுமினிட்சாவோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பக்காவுல அந்தப் பந்து, ஞாபகம் இருக்கா? கோட்டுல பட்டதை நான் பாத்தேன். சத்தியமா பாத்தேன்! நீ அவுட்டுங்கற. இவ பொய் சொல்ல மாட்டா, அப்ப நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். அப்பா ரெண்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. கண்ணுல ஒண்ணுமில்லைன்னாங்க. நான் நம்பணுமே! அதுக்கப்புறம் கோட்டுக்கிட்ட எது விழுந்தாலும் எதிராளிக்கே குடுத்துடுவேன். ஒரு வருசம் பூரா அப்படியே தோத்தேன். ஆனா என் பொண்ணு கண்ணு கழுகுக் கண்ணுடீ, என்னை மாதிரி இல்ல."

இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. காது மடல் வரை சூடேறியது. அவள் தட்டிலிருந்த கடுகுச் சாந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லுமினிட்சாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒட்டிலியா. என்னைப் பாருடீ."

அவள் நிமிரவில்லை.

"உள்ளயா, வெளியயா?"

"...உள்ள."

லுமினிட்சா திட்டவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஒட்டிலியாவுக்கு.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள் லுமினிட்சா.

"அம்மா, பயிற்சி எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றாள் ஸ்மரந்தா.

"இங்க இல்ல. வா, போலாம்."

இருவரும் வாசலைத் தாண்டுவதற்குள் நெக்குலாய் கத்தினார். "சாம்பியன்! எவ்வளவு நேரம்? வந்து பேர்ப்பலகை மேல இருக்குற துணியை இழு!"

ஒட்டிலியா போனாள். துணியை இழுத்தாள். பலகையில் அவள் பெயர் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் தலை குனிந்தபடியே நின்றாள்.

நெக்குலாய் பக்கத்திலிருந்தவரை இடித்துச் சொன்னார்: "இவ்வளவு பேரு வாங்கியும் அடக்கத்தைப் பாரு!"