யாருடைய இரத்தம்

அக்காவின் குழந்தை அழுதால் பூனைக்குட்டி கத்துவதுபோல் இருக்கும். ட்ரியோலே ஊரில் அவள் வாழப்போன வீட்டின் பக்கத்து வீட்டார் முதலில் பூனை என்றே நினைத்தார்களாம். எடை ஏறவில்லை, பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறியது. வயிற்றில் பிள்ளையோடு தேர் ரூஜ் ஊரிலிருந்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அக்கா. அந்தத் தொழிற்சாலைச் சூட்டால் வந்த வினை என்று அவள் மாமியார் சொல்ல, தெருவும் அதையே சொன்னது.

மருத்துவமனை டாக்டர் அழுகையைக் கேட்டதுமே சந்தேகப்பட்டார். குழந்தையின் இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்து உறுதி செய்தார். அவருடைய பிரெஞ்சு அக்காவுக்கும் அத்தானுக்கும் பாதிதான் பிடிபட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளி முடித்தவன் நான் ஒருவன்தான். மீதியை எங்கள் தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில் நான் சொன்னேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் இணை இணையாக இருக்கின்றன. ஐந்தாம் இணையில் ஒன்றின் நுனி இவளுக்கு இல்லை. அதை ஒட்டவைக்க மருந்து கிடையாது. ஆனால் செய்ய நிறைய இருக்கிறது: இதயத்தைச் சோதிக்க வேண்டும், தலையை நிமிர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், கைகால்களுக்கு இப்போதே பயிற்சி தர வேண்டும். தாமதமாக நடக்கலாம். பேச்சு குறைவாக வந்தாலும், நாம் சொல்வது அதைவிட அதிகம் புரியும்.

பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சிலருக்கு அந்தத் துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குத்தான் அது இல்லாமல் போகும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் வரலாம்.

அக்கா அங்கேயே கையை நீட்டினாள். அத்தான், “தைப்பூசம் முடியட்டும். விரதத்துல ரத்தம் எடுக்கக்கூடாது” என்றார். மகளுக்காகக் காவடி நேர்ந்திருந்தார். மார்பு நிறைய ஊசிகளும் நாக்கில் வேலுமாகக் கொதிக்கும் தார்ச்சாலையில் நடந்தார். அதற்குப் பிறகும் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை.

“மார் பூரா ஊசி குத்திக்கிட்டவருக்கு நர்ஸ் ஊசின்னா நடுங்குது” என்றாள் அக்கா.

“முருகன் ஊசி வலிக்காதுடி.”

“அப்ப நர்ஸுக்கும் ஒரு கற்பூரம் ஏத்திட்டு உக்காருங்க!”

சிரித்துக்கொண்டே வெளியே வந்த அத்தான் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “ஊசிக்கு இல்ல தம்பி. அவகிட்டேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா எங்கம்மா அவள இந்த வீட்ல இருக்கவிடாது. என்கிட்டேருந்துன்னா... சனிக்கிழமையானா ரம் குடிச்சேனே.”

“ரம்முக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல அத்தான்.”

“நீ டாக்டரா?”

“இல்ல.”

“அப்ப பேசாத.”

ஆனாலும் திங்கட்கிழமை இரத்தம் கொடுக்க என்னோடு பஸ் ஏறினார்.

முடிவு வந்த அன்று மூவரும் குழந்தையோடு போனோம். இருவர் இரத்தத்திலும் குறையில்லை என்றார் டாக்டர். அத்தான் நம்பாமல் ஒவ்வொன்றாக என்னைக் கேட்கவைத்தார். தொழிற்சாலைச் சூடா? இல்லை. ரம்மா? இல்லை.

“போன வருஷ விரதத்துல இவ தெரியாம மீன் தின்னுட்டா. அதையும் கேளு.”

அதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அதுவும் இல்லை என்றார். கரு உருவாகும் சமயத்தில் சில நேரம் அந்த நுனி தானாகவே உடைந்துபோகிறது.

“அப்ப யார் தப்பு?”

“யார் தப்பும் இல்லையாம்.”

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள் அக்கா. சொன்னேன். அவள் புருஷனைப் பார்த்தாள். “இத உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

வெளியே வந்ததும் குழந்தையை அவர் கையில் வைத்தாள். அன்றுவரை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. “பிடிங்க. தலைய நிமிர்த்தி.”

அவர் “அய்யோ, அய்யோ” என்று தடுமாறிக்கொண்டிருக்க, அவள் வாசலில் நின்ற தள்ளுவண்டியில் தால் பூரி வாங்கி, நின்றபடியே தின்றாள். பிறகு இன்னொன்று கேட்டாள்.